ஸ்கிராபிள் சொற்பட்டியல் ஏன் மாறுகிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் 2014ஆம் ஆண்டின் காலின்ஸ் பட்டியலை வைத்துப் பயிற்சி எடுத்தாள். இப்போது போட்டியில் வேறு பட்டியல் என்கிறார்கள். படித்தது வீணா? இதை மாற்றுவது யார்?"

ஸ்கிராபிள் என்பது ஆங்கில எழுத்து டைல்களைப் (சிறு கட்டைகளைப்) பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். எந்தச் சொல் செல்லும் என்பதை, அகராதி நிறுவனமான காலின்ஸ் வெளியிடுவது போன்ற சொற்பட்டியல்தான் தீர்மானிக்கிறது. படித்தது வீணாகாது. ஏறத்தாழ 2,80,000 சொற்கள் கொண்ட அந்தப் பட்டியலில் 2019இல் புதிதாக இடம்பெற்றவை மூவாயிரத்துக்கும் குறைவு.

அமெரிக்காவில் தொடக்கத்தில் பொது அகராதி ஒன்றையே நடுவராக வைத்து ஆடினார்கள். பன்மை வடிவங்களும் வினைத் திரிபுகளும் செல்லுமா என்பதற்கு அதில் தெளிவான விடை கிடைக்காததால், ஐந்து அகராதிகளைத் தொகுத்து மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் 1978இல் ஆட்டக்காரர்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டது. பிரிட்டனில் சேம்பர்ஸ் அகராதி அந்த இடத்தில் இருந்தது. இரண்டு மரபுகளையும் இணைத்து உருவான உலகப் பட்டியலை 2003 முதல் காலின்ஸ் வெளியிடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகள் அதன்படியே நடக்கின்றன.

இடப்பெயர், ஆட்பெயர், சுருக்கக் குறியீடு ஆகியவை செல்லாது என்பது அடிப்படை விதி. ஆனால் மக்கள் ஒரு சொல்லை எழுதும் முறை மாறினால் அகராதி மாறும். அகராதி மாறினால் பட்டியலும் மாறியாக வேண்டும். பெரிய எழுத்துகளில் மட்டுமே எழுதப்பட்டு வந்த 'ஓகே' சிறிய எழுத்துகளிலும் இயல்பாகப் புழங்கத் தொடங்கிய பிறகுதான், 2018இல் அமெரிக்க அகராதியிலும் 2019இல் காலின்ஸ் பட்டியலிலும் நுழைந்தது.

எத்தனை சொற்கள் சேர்ந்தன என்பதைவிட, எத்தனை எழுத்துச் சொற்கள் சேர்ந்தன என்பதே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. பத்து எழுத்துச் சொல் ஒன்று சேர்ந்தால் அது பலகைக்கு வராமலே ஆண்டுகள் கழியலாம். 2006இல் வட அமெரிக்கப் பட்டியலில் 'கியூ-ஐ', 'இசட்-ஏ' என்ற இரண்டு ஈரெழுத்துச் சொற்கள் சேர்ந்தபோது ஆட்டத்தின் கணக்கே மாறியது. ஆங்கிலத்தில் கியூவை அடுத்துப் பெரும்பாலும் 'யூ' வரும். பத்துப் புள்ளி மதிப்புள்ள கியூ டைல், 'யூ' கிடைக்காமல் கடைசி வரை கையில் தங்கிவிட்டால், முதலில் ஆட்டத்தை முடித்த எதிராளிக்கு அதன் இரு மடங்கு புள்ளிகள் போய்ச்சேரும். அப்படி எல்லோரும் அஞ்சிய டைலை, ஓர் 'ஐ' கிடைத்தால் போதும், பலகையின் ஏதேனும் ஒரு மூலையில் செருகி நல்ல புள்ளி பெறலாம் என்ற நிலை வந்தது.

நீக்கம் என்பது வேறு கதை. பிறரை இழிவுபடுத்தும் சொற்களுக்கு 1990களில் எதிர்ப்பு எழுந்தபோது, அவை வீட்டில் ஆடுவோருக்கான அகராதியிலிருந்து மட்டும் அகற்றப்பட்டுப் போட்டியாளர்களின் தனிப் பட்டியலில் தொடர்ந்தன. 2020இல் வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களின் சங்கம் தன் பட்டியலிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களை நீக்கியது. அடுத்த ஆண்டு காலின்ஸ் பட்டியலிலிருந்தும் ஏறத்தாழ நானூறு சொற்கள் போயின. பலகையில் சொல்லுக்குப் பொருள் கிடையாது, புள்ளி மட்டுமே உண்டு என்று மூத்த ஆட்டக்காரர்கள் பலர் வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தன் இனத்தை இழிக்கும் சொல்லை எதிரில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் மகள் முதலில் 2019இல் சேர்ந்த மூன்று ஈரெழுத்துச் சொற்களைக் கற்கட்டும்: 'ஓகே', 'ஈ-டபிள்யூ', 'இசட்-ஈ'. அடுத்து புதிய மூன்றெழுத்துச் சொற்களைப் பார்க்கலாம். நீக்கப்பட்டவற்றையும் ஒருமுறை படித்துவிடுவது அவசியம். பழைய நினைவில் அவற்றை வைத்தால் எதிராளி அது செல்லாது என்று சேலஞ்ச் செய்வார், அந்த முறைக்கான புள்ளிகள் முழுவதும் பறிபோகும். புத்தகம் வெளியாகும் நாளும் போட்டியில் அது நடைமுறைக்கு வரும் நாளும் வேறாக இருக்கும் என்பதால், பெயர் கொடுக்கும்போதே எந்தப் பட்டியல் என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.