கட்டியங்காரன் கேட்கட்டும்

வணக்கம் நேயர்களே.

ஒரு நாடகத்துக்கு அரசாங்கம் பயப்படுமா? நம் தென்னாப்பிரிக்காவில் பயந்தது. 1975-ல், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த கறுப்பின உணர்வு இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மீது பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். குற்றப்பத்திரிகையில் நாடகங்களும் கவிதைகளும் இருந்தன. நம் டர்பனில் நாடகம் போட்ட ஸ்ட்ரினி மூட்லி அந்த வழக்கில்தான் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்.

அதற்கும் முன்பே நம்மிடம் கூத்து இருந்தது. 1860 முதல் மதராசிலிருந்து கப்பலேறி நட்டாலுக்கு வந்தவர்கள் அதைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்தார்கள். இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். விடிய விடிய பாரதக் கதை நடக்கும். சபையில் திரௌபதி நியாயம் கேட்கும்போது, பகலில் தோட்டத்து மேஸ்திரியான சர்தாரிடம் அடி வாங்கிய சனம் அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இன்று டர்பனில் நம் ஜனங்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நம் பிள்ளைகளைத் தின்பது சுகர்ஸ் என்கிற ஹெராயின் கலந்த போதைப்பொருள். வீட்டில் ஒருவன் அதில் விழுந்தால் நாம் முதலில் செய்வது வாசற்கதவை மூடுவதுதான். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதே! சுவரொட்டி ஒட்டினால் அந்தக் கதவு திறக்காது. ஆனால் தான் ராத்திரி அழுதுகொண்டே சொன்ன வார்த்தையை மேடையில் இன்னொருத்தி சொல்லக் கேட்கும் தாய்க்கு, நாம் மட்டும் இல்லை என்று தெரிகிறது. அப்புறம் அவள் வாய் திறப்பாள்.

கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான், பாருங்கள். ராஜாவையே கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு. போதை விற்பவனையும், தெரிந்தும் பேசாத பெரியவர்களையும் அவன் கேட்கட்டும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்றால் வசனம் ஆங்கிலத்தில் வரட்டும், ஜூலுவும் கலக்கட்டும். பாட்டு மட்டும் தமிழிலேயே இருக்கட்டும், அதில் நான் பிடிவாதக்காரன்.

குவாசூலு-நட்டால் பள்ளிகளில் 1990-களில் எய்ட்ஸ் பற்றிப் பேச டிராமெய்ட் திட்டம் வந்தது. கலைஞர்கள் நடித்துக் காட்டிவிட்டுப் போய்விடவில்லை. மாணவர்களே நாடகமும் பாட்டும் உருவாக்கி, பெற்றோர் முன்னால் நடித்தார்கள். வீட்டில் பேச முடியாததைப் பிள்ளைகள் மேடையில் பேசினார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்: மீண்டு வந்த பையன்களே வேஷம் கட்டட்டும்.

ஆனால் நாடகம் பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போனால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த ராத்திரியே உதவி கேட்க இடம் வேண்டும்.

மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலில் ஈஸ்டர் சமயம் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அதனால் எல்லாக் கோவில் கமிட்டிகளையும் கேட்கிறேன். அடுத்த திருவிழாவில் கூத்துக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மறுவாழ்வு மையத்தில் வேலை செய்யும் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள்.