பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

என்னைப் பேச அழைத்தபோது, "ஹோம் தியேட்டர் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது" என்று சிரித்துக்கொண்டே எச்சரித்தார்கள். படம் வேண்டாம். உங்கள் வீட்டில் ராத்திரி நடப்பதை நினைத்துக்கொண்டாலே போதும். திரையில் கதாநாயகி ஏதோ முணுமுணுக்கிறாள். காதில் விழவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டுகிறீர்கள். மறுகணமே ஒரு கார் வெடிக்கிறது. பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை வீறிட்டு எழுகிறது. பதறிப்போய்க் குறைக்கிறீர்கள். மீண்டும் முணுமுணுப்பு. இந்தக் கூத்து ஏன் நடக்கிறது என்பதற்கான பதில், இந்தக் கருவிகள் வரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வந்து சேர்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னப் பழக்கத்தை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். பெட்டியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எதை எண்ணியிருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல மாதம் சேமித்து ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினேன். ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிகளுக்கென்று ஒரு சப்வூஃபர். அட்டைப்பெட்டியின் நான்கு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் "2000 வாட் பி.எம்.பி.ஓ." என்று இருந்தது. அந்த எழுத்து வெளியே தெரியும்படி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இந்தக் கருவிகளில் ஈடுபாடு கிடையாது. வயரை எங்கே செருகுவது என்று பார்ப்பதற்காக சப்வூஃபரைத் திருப்பினார். பின்னால், கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டிக்கரை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். "மின் நுகர்வு 40 வாட் என்று போட்டிருக்கிறதே. நாற்பது உள்ளே போனால் இரண்டாயிரம் எப்படியடா வெளியே வரும்?"

"அது வேறு வாட், இது வேறு வாட், அக்கா" என்றேன்.

"அப்படியா? வாட்டில் எத்தனை வகையடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பதில் இதுதான். பி.எம்.பி.ஓ. என்பது, கருவி ஒரு கண்ணிமைப்பொழுதில் உச்சகட்டமாக எவ்வளவு வெளியே தள்ளும் என்று தயாரிப்பவரே போட்டுக்கொள்ளும் கணக்கு. அதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஏதும் கிடையாது. ஸ்டிக்கரில் இருப்பது சராசரி நுகர்வாக இருக்கலாம், கணநேரம் அதைத் தாண்டவும் தாண்டலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பது மடங்கா? ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருந்தால் அது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதை நம்பிப் பேசலாம். அதிலும் அக்காவைப் போல இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் ஓடும்போது இந்த வாட்? எவ்வளவு சிதைவை அனுமதித்து இந்த வாட்? ஒலி பத்து சதவீதம் சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் எண் பெரிதாக வரும். ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளந்தால் அதே கருவியின் எண் சுருங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வதால் வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஓசை இரட்டிப்பாகாது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது, ஓசையை அளக்கும் அலகில், வெறும் 3 டெசிபல். உன்னிப்பாகக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்று ஒரு ஸ்பீக்கரில் எழுதியிருந்தால், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் கேட்கும் என்று பொருள். அந்தச் சத்தத்தில் நாம் குரலை உயர்த்தித்தான் பேச முடியும். ஆக, வீட்டில் பெரும்பாலான நேரம் ஓடுவது ஓரிரு வாட். மறுபடியும் சொல்கிறேன், ஓரிரு வாட். நான் தோளில் சுமந்து வந்தது இரண்டாயிரம்.

சரி, அடுத்தது 5.1. முன்னால் இடது, வலது, நடு, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று? அது பத்தில் ஒரு பங்கு ஸ்பீக்கர் அல்ல. இடி, வெடி, பூமி அதிர்வு போன்ற அடித்தொனிகளுக்கென்று ஒலிப்பதிவில் ஒதுக்கிய தனித் தடம். சுமார் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 அதிர்வு வரைதான் அதற்கு வேலை. மற்ற ஐந்தும் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும். அலைவரிசையின் சின்னத் துண்டு என்பதால் புள்ளி ஒன்று என்று பெயர் வைத்தார்கள். 5.1.2 என்றோ 7.1.4 என்றோ மூன்றாவது எண் இருந்தால், அது தலைக்கு மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் என்ற தொழில்நுட்பம் 2012-ல் திரையரங்குகளுக்கும் 2014-ல் வீடுகளுக்கும் வந்த பிறகுதான் இந்த மூன்றாவது எண் நம் பேச்சில் புழங்க ஆரம்பித்தது.

அந்த ஐந்தில் நடு ஸ்பீக்கரை மட்டும் தனியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கார் வெடித்த கதைக்கு இப்போது வருகிறேன்.

படத்தில் பேச்சில் பெரும்பகுதி அந்த நடுத் தடத்தில்தான் பதிவாகிறது. உங்கள் டிவியில் இரண்டே ஸ்பீக்கர் இருந்தால், நடுவில் இருக்க வேண்டிய பேச்சை இரண்டுக்கும் பங்கு போட்டு, பாட்டோடும் மழையோடும் துப்பாக்கியோடும் ஒரே வழியில் நெருக்கி அனுப்புகிறது. இது பாதிக் காரணம். மறுபாதிக்கு ஒரு பெயர் உண்டு: டைனமிக் ரேஞ்ச். ஒலிப்பதிவின் மிக மெல்லிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் இடையிலுள்ள தூரம் அது.

இதை வானொலியிலேயே காட்டிவிடலாம். இப்போது மைக்குக்கு மிக அருகில் வந்து கிசுகிசுக்கிறேன். கேட்கிறதா? சமையலறையில் இருப்பவருக்கும் கேட்டிருக்கும். இப்போது சற்றுத் தள்ளி நின்று, கூப்பிட்டுப் பேசுகிறேன். உங்கள் வானொலி அலறவில்லை அல்லவா? வானொலியில் மெல்லியதைத் தூக்கியும் பெரியதை அமுக்கியும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பஸ்ஸில் போகிறவருக்கும் கேட்க வேண்டுமே. திரைப்படக்காரர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். அமைதியான பெரிய அரங்கில், ஒரு தடத்தின் உச்சம் 105 டெசிபல் வரை எகிறலாம் என்ற கணக்கில் கிசுகிசுப்பையும் வெடியையும் வெகுதூரம் விலக்கி வைக்கிறார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்விசிறி சுழலும் அறையில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டால், கிசுகிசுப்பு மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் மூழ்கிவிடுகிறது. வெடி மட்டும் மேலே நிற்கிறது.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் என்ற கருவியை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒலி அளவு −30, −25 என்று கழித்தல் குறியோடு வரும். பழுது என்று நினைத்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் உண்டு. பூஜ்ஜியம் என்பது அந்தத் திரையரங்க அளவு. −30 என்றால் அதற்கு 30 டெசிபல் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மருந்து என்ன? செட்டிங்ஸ் பகுதியில் "நைட் மோட்" என்றோ "டி.ஆர்.சி." என்றோ ஒன்று இருக்கும். அதைப் போட்டால், வானொலியில் செய்கிற அதே வேலையை உங்கள் கருவி செய்யும். நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிப் பாருங்கள். படைப்பாளியின் நோக்கம் கெட்டுவிடுமே என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டில் தூங்குகிற குழந்தை இல்லை.

ஸ்பீக்கர் செட்டிங்ஸில் "லார்ஜ், ஸ்மால்" என்று கேட்கும். என் ஸ்பீக்கர்கள் இடுப்பளவு உயரம். கௌரவத்துக்காக "லார்ஜ்" என்றே வருடக்கணக்கில் வைத்திருந்தேன். அது உருவத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. "ஸ்மால்" என்றால், 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எல்லைக்குக் கீழே உள்ள ஒலியை சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடு என்று பொருள். மாற்றிய அன்று, அதுவரை முணங்கிக்கொண்டிருந்த சப்வூஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரலைக் காட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1080பி என்றால் எதை எண்ணினார்கள்? மேலிருந்து கீழாக வரிசைகளை. 4கே என்றால்? இடமிருந்து வலமாக, குறுக்கே உள்ள புள்ளிகளை. அதுவும் டிவியில் 3840தான், நாலாயிரமாக்கிச் சொல்கிறார்கள். எண்ணும் திசையையே மாற்றிவிட்டார்கள், பாருங்கள்! பழைய முறையில் எண்ணியிருந்தால் அதன் பெயர் 2160பி. மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்கு என்பது உண்மைதான்: 20 லட்சத்துச் சொச்சம், 80 லட்சத்துச் சொச்சமாகிறது. ஆனால் 50 அங்குல டிவியைச் சுமார் ஆறரை அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால், இயல்பான கண்ணுக்கு 1080பி புள்ளிகளையே தனித்தனியாகப் பிரிக்க முடியாது. உங்கள் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பழைய படத்தை 4கே ஆக்கித் தருகிறேன் என்னும் "அப்ஸ்கேலிங்"கும் இல்லாத புள்ளியை ஊகித்து நிரப்புவதுதான், சட்டியும் அகப்பையும்.

நான் காசு கொடுப்பதாக இருந்தால் எச்.டி.ஆர். நன்றாக வரும் டிவிக்குக் கொடுப்பேன். அதன் விரிவில் ஒளிந்திருப்பது நாம் ஏற்கெனவே பார்த்த அதே சொல்: ஹை டைனமிக் ரேஞ்ச். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள தூரம். ஒலியில் தூரம் அதிகம் என்று புலம்பிய நாமே படத்தில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்! வெளிச்சத்தை "நிட்" என்ற அலகில் அளக்கிறார்கள். வழக்கமான படங்களைச் சுமார் 100 நிட் உச்சத்துக்குத் தயாரிப்பார்கள், எச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்டுக்கு. எச்.டி.ஆர். முத்திரை குத்திய டிவி அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் உறுதி. 300 நிட்டோடு நின்றுவிடுகிற டிவியிலும் அதே முத்திரை இருக்கிறது. ஆகவே நிட் எத்தனை என்று கேளுங்கள்.

படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் பதிப்புகளைப் பற்றி இரண்டு தாள் எழுதிக் கொண்டுவந்தேன். நேரமில்லை. ஒன்றே ஒன்று. டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கி, டிவியின் ஒலி அதில் வரவில்லையென்றால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் டிவியின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றின் அருகில் மட்டும் ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒலி திரும்பி வருகிற வழி அது ஒன்றுதான். வயரை அதில் செருகுங்கள். வணக்கம்.