நெஞ்சுக்குள் காத்திருக்கும் பேட்டரி

நேயர்களுக்கு வணக்கம்.

இதயத்தின் கீழறைகள் சில நேரம் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் வெளியே போகாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இந்த ஆபத்து உள்ளவர்களுக்குக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியை வைத்துத் தைக்கிறார்கள். ஐ.சி.டி. என்பார்கள். துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும், தறிகெட்டால் மின் அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். 1980-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில்தான் அதை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள்.

கருவி வந்துவிட்டது, ஆனால் பேட்டரி பெரிய சிக்கலாக இருந்தது. இதயத்தை மெல்லத் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவிக்கு மைக்ரோ ஆம்பியர் கணக்கில் சொற்ப மின்சாரம் போதும். லித்தியம்-அயோடின் பேட்டரி அதைப் பல ஆண்டுகள் நிதானமாகத் தந்துவிடும். ஐ.சி.டி.க்கு அது பத்தாது. மாதக்கணக்கில் அதிர்ச்சி கொடுக்க வேலையே வராமல் இருக்கலாம். வந்தால், மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடும் மின்தேக்கியைச் சில விநாடிகளில் 700 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியாக வேண்டும். அதற்கு ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை சிகிச்சை.

இந்த இடத்தில்தான் அமெரிக்க வேதியியலாளர் எஸ்தர் டகேயுச்சி வருகிறார். பெற்றோர் லாத்வியாவிலிருந்து அகதிகளாக வெளியேறியவர்கள். கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, 1984-இல் நியூயார்க் மாநிலத்தில் கிரேட்பேட்ச் என்ற பேட்டரி நிறுவனத்தில் சேர்ந்தார். அவரும் அவருடைய குழுவும் உருவாக்கிய லித்தியம் / வெள்ளி வனேடியம் ஆக்ஸைடு பேட்டரிதான் ஐ.சி.டி.யை பரவலாகப் பயன்படும் கருவியாக்கியது.

அதன் உள்ளே நடப்பதைக் கேளுங்கள். லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள், நேர்முனைப் பொருளுக்குள் நுழைய நுழைய, அங்கே அயனியாக இருந்த வெள்ளி உலோக வெள்ளியாக மாறுகிறது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது. ஆக, பேட்டரி தன் சரக்கைச் செலவழிக்கும்போதே தனக்கான கம்பி வலையையும் உள்ளேயே பின்னிக்கொள்கிறது. எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

மருத்துவத்தில் வெற்றி கண்டாயிற்று, அதற்காகப் பின்னாளில் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் கிடைத்தது. அத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனார், பிறகு ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்திலும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்திலும் பணியேற்றார். அந்த வெள்ளி சரியாக எங்கே, எப்போது உருவாகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பேட்டரியைப் பிளந்தால் உள்ளே இருப்பது மாறிவிடும். அதனால் சின்க்ரோட்ரான் என்ற பெரும் இயந்திரத்திலிருந்து வரும் தீவிர எக்ஸ்-கதிரை, மூடிய பேட்டரிக்குள் அப்படியே செலுத்தி, படலம் படலமாக அளந்தார்கள்.

அவருடைய குழு 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த வகைதான். வெள்ளி வனேடியம் பாஸ்பேட் வகைப் பொருள் ஒன்றை நேர்முனையாகக் கொண்ட பேட்டரியின் மின்சாரத்தை மெதுவாகவும் வேகமாகவும் தீர்த்துப் பார்த்தார்கள். வெள்ளி முதலில் மாறுகிறதா, வனேடியமும் சேர்ந்து மாறுகிறதா, மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதெல்லாம் மின்சாரத்தை எடுக்கும் வேகத்தைப் பொறுத்து மாறியது. அதற்கேற்ப, பேட்டரிக்குள் மின்சாரம் ஓடுவதற்கு இருக்கும் தடையும் மாறியது. அப்படியானால், பொருளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. முதல் மின்னோட்டத்தை எந்த வேகத்தில் எடுக்கிறோம் என்பதையும் வடிவமைப்பாளர் யோசித்தாக வேண்டும்.