பணக்காரக் காதல் கதையில் அவள் தேடுவது பணத்தை அல்ல

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, என் தாய்மார்களே, வணக்கம்.

"பணக்காரக் காதல் நாவல்கள் பெண்களை ஏங்க விடுகின்றனவா, தாங்கிப் பிடிக்கின்றனவா?" ஏங்க விடுகின்றன என்று எதிரணி அண்ணன் ஆணித்தரமாகப் பேசி அமர்ந்திருக்கிறார். கதாநாயகன் எப்போதும் கோடீஸ்வரன், பங்களாவும் காரும் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்றார். படுக்கையறையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் என்றார். படித்து முடித்தவள் கட்டினவனைக் கதையில் வருபவனோடு ஒப்பிடுகிறாள் என்று வருத்தப்பட்டார்.

நான் என் அத்தை வீட்டிலிருந்து தொடங்குகிறேன். சாத்தூர். தொண்ணூறுகளின் தொடக்கம். அத்தைக்கு வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. மைதாப் பசைக் கிண்ணம் ஒரு பக்கம், அட்டைக் கட்டு ஒரு பக்கம். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, வாடகை நூல் நிலையத்தில் நான் எடுத்துவந்த நாவலை விரிப்பார். அட்டை தெரியாமல் பழுப்புத் தாள் போட்டிருக்கும். எஸ்டேட் முதலாளி ஒருவனும் அவன் மனைவியும். கல்யாணம் ஆகியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத இரண்டு பேர். நூறு பக்கத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அத்தை புரட்டிய பக்கங்களின் ஓரத்தில் பசை காய்ந்த விரல் தடம் இருக்கும். இன்றைக்கும் அந்தத் தடம் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு நாள் கேட்டேன், "அத்தை, அந்த பங்களா மேல ஆசையா?" அவர் சொன்னார், "பங்களாவ வச்சு நான் என்ன செய்ய பாப்பா? அந்தப் பொம்பளைக்கு அடுப்படி இல்ல, தண்ணிக் குடம் இல்ல, வட்டிக்காரன் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேச நேரம் இருக்கு பாரு."

நடுவர் அவர்களே, என் கட்சி முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. இந்தக் கதைகளில் பணம் என்பது நேரம். கதாசிரியை சமையல்காரரையும் டிரைவரையும் கொண்டுவந்து நிறுத்துவது எதற்காக? வீட்டு வேலையையும் மாதக் கடைசியையும் கதைக்கு வெளியே தள்ளிவிட்டு, இந்த இரண்டு மனசும் ஒத்துப்போகுமா என்ற ஒரே கேள்வியை உள்ளே வைப்பதற்காக. உழைத்துக் களைத்த பெண்ணுக்கு அந்தக் கேள்வியை நிதானமாக யோசிக்க வேறு எங்கே இடம் கிடைக்கும்?

இது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. பட்டினப்பாலை 301 அடி. கடல் வழியே வந்த குதிரை, மிளகு மூட்டை, மலையில் பிறந்த மணி, பொன் என்று காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் கொட்டிக் குவிக்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். எதற்கு? "முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும்" அவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று ஒருவன் தன் நெஞ்சிடம் சொல்வதற்கு! தராசின் ஒரு தட்டில் ஒரு பட்டினத்தையே வைத்தால்தான் மறுதட்டில் இருக்கிற பெண்ணின் எடை தெரியும். வெளிநாட்டு ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, காய்ச்சலில் கிடக்கிற மனைவி பக்கத்தில் உட்காருகிற அந்த நாவல் முதலாளியும் அதே தராசைத்தான் பிடித்திருக்கிறான்.

படுக்கையறை பற்றி அண்ணன் மிகவும் கூச்சப்பட்டார். வள்ளுவர் கூச்சப்படவில்லையே! காமத்துப்பாலுக்கு 250 குறள் ஒதுக்கினார். 1330-ஆவது குறள் எந்தச் சொற்களில் முடிகிறது? "கூடி முயங்கப் பெறின்." தம் நூலின் கடைசிச் சொற்களைத் தழுவலுக்குக் கொடுத்தவர் பிறந்த மொழியில், கணவன் மனைவி நெருக்கத்தை ஒரு பெண் படித்தால் மட்டும் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளிக்க வேண்டுமா?

லண்டனில் 1908-இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டது. அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டனின் கதைகளைக்கூட வெளியிட்டது. காதல் கதைகள்தான் அதன் அடையாளம் என்று ஆனது 1930-களில். அது பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். அந்தப் புத்தகங்கள் பழுப்பு நிற அட்டையில் வாடகை நூலகங்கள் வழியாகவே கைக்குக் கை போயின. எங்கள் பழுப்புத் தாளை அப்போது நினைத்துக்கொள்கிறேன். கையில் காசில்லாத காலத்தில் அந்த ஊர்ப் பெண்களும் வாடகை கொடுத்து வாங்கிப் படித்தது இதைத்தான்.

ஒன்றை மட்டும் நான் தாங்கிப் பேச மாட்டேன். அவள் வேண்டாம் என்ற பிறகும் கையைப் பிடித்து இழுப்பவனை, அறைபவனை, கடைசி அத்தியாயத்தில் 'அளவுகடந்த அன்பு' என்று மன்னிக்க வைக்கிற கதைகள் இருக்கின்றன. இன்றைக்கு, கெட்டவனே நாயகனாக வரும் 'ஆன்டி ஹீரோ கதை' என்ற பெயரிலும் வருகின்றன. அவற்றைக் கையில் எடுத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தங்கைகளே, அப்படிப்பட்ட பக்கம் வந்தால் மூடி வைத்துவிடுங்கள். பணம் இருப்பதால் ஒருவனுடைய அடி முத்தம் ஆகிவிடாது. ஆனால் நாலு கதை கெட்டது என்பதற்காக, அவளைக் கேட்டு, காத்திருந்து, சம்மதம் வாங்கித் தொடுகிற நாயகர்களை எழுதுகிற கதாசிரியைகளையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்வது என்ன நியாயம்?

ஒப்பிடுகிறாளாம்! ஒப்பிடட்டும் அண்ணே. என் அத்தையும் ஒப்பிட்டார். அந்த நாவலில் ஓர் இடம். கல்யாணமாகி ஏழு மாதம் கழித்து அவன் மனைவியிடம் கேட்பான், "உனக்கு என்ன பிடிக்கும்?" அத்தை அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "என்னைய யாருமே இப்படிக் கேட்டதில்ல பாப்பா."

அன்று ராத்திரி மாமா லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை சண்டை போடவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எனக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்து, கேட்காமலே, பேருந்து நிலையத்திலிருந்து ஒரு பொட்டலம் கருப்பட்டிச் சேவு வாங்கிவந்து பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுவா?" என்று கேட்டார்.

அது இல்லை. அத்தைக்குப் பிடித்தது வேறு. ஆனாலும் அதை அவர் மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டார். நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன், அந்தப் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. நூல் நிலையக்காரர் அதை நிமிர்த்திவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் கொடுத்தார்.

நன்றி. வணக்கம்.