உடன்பிறந்தார் வீடு தரும் அவகாசம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, ஸ்காபரோவின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். கனடாவுக்குப் புதிதாக வருபவர் இங்கே காலூன்றுவதற்கு உடன்பிறந்தார் வீட்டில் தங்குவது துணையா, தடையா என்பதே இன்றைய கேள்வி. துணையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். அண்ணன் வீட்டில் இருப்பவருக்குத் தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் இல்லாததால், பணத்தை ஒழுங்காகச் செலுத்துபவர் என்று காட்டும் கடன் வரலாறு உருவாவதில்லை என்றார். வீட்டுக்குள் தமிழே பேசி வாழ்வதால் ஆங்கிலம் வளர்வதில்லை என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் பழமொழியைச் சொல்லி, அதற்கு மேல் தங்கினால் உறவே முறிந்துவிடும் என்றார். மூன்றுக்கும் விடை சொல்வேன். அதற்கு முன்பாக, இந்த நாட்டின் சட்டம் உடன்பிறப்பை எப்படிப் பார்க்கிறது என்பதை நடுவர் அவர்கள் முன் வைக்கிறேன்.

கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் 2004 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து தரைவழி எல்லைக்கு வந்து அகதி உரிமை கோருபவரைத் திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. ஆயினும், கனடாவில் உரிய தகுதியோடு வாழும் நெருங்கிய உறவினர் இருந்தால் அவருக்கு விலக்கு உண்டு என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது; அந்த உறவினர் வரிசையில் உடன்பிறந்தாரும் இடம்பெறுகிறார்கள். பஃபலோவைக் கடந்து ஃபோர்ட் ஈரி எல்லையில் நின்றபோது, "என் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார்" என்று சொல்ல முடிந்ததால் உள்ளே வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு 2017 ஜூன் மாதத்தில், திறமைசார் குடியேறிகளைப் புள்ளிக் கணக்கில் தெரிவுசெய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிப்பவரின் உடன்பிறந்தவர் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றுக் கனடாவில் வாழ்ந்தால், 15 மேலதிகப் புள்ளிகள் வழங்கும் விதி சேர்க்கப்பட்டது. ஓரிரு புள்ளிகள் குறைந்ததால் அழைப்புக் கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்தின் பெறுமதி தெரியும். அரசாங்கம் பாசத்துக்காகப் புள்ளி கொடுப்பதில்லை. உறவினர் இருக்கும் இடத்தில் புதியவர் விரைவாக நிலைபெறுவார் என்ற கணிப்பிலேயே கொடுக்கிறது.

இனி, விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தவரின் முதல் வாரங்களைப் பார்ப்போம். வீடு தேடிப் போனால், வேலைக் கடிதம் எங்கே, கடன் அறிக்கை எங்கே என்று உரிமையாளர் கேட்கிறார். முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்கிறார். கடைசி மாத வாடகையை வைப்பாகப் பெற ஒன்ராறியோச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. வேலை தேடிப் போனால் முகவரி வேண்டும். மாகாண மருத்துவ அட்டைக்கு விண்ணப்பித்தால், ஒன்ராறியோவில் வசிப்பதற்குச் சான்றாக முகவரி அச்சிட்ட ஆவணம் வேண்டும். வீட்டுக்கு வேலை வேண்டும், வேலைக்கு வீடு வேண்டும் என்ற இந்தச் சுழலைப் புதியவர் எங்கிருந்து உடைப்பது? அக்கா வீட்டின் முகவரியில் வங்கிக் கணக்கைத் திறந்து, அந்த வங்கி தபாலில் அனுப்பும் மாதாந்த அறிக்கையை வதிவிடச் சான்றாகக் காட்டியே நம்மில் பலர் அதை உடைத்தோம்.

ஆனால் முகவரியைவிடப் பெரிய ஒன்றை அந்த வீடு தருகிறது. அது அவகாசம். என் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, நடுவர் அவர்களே. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ படித்த பொறியியலாளர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்ராறியோவில் பொறியியலாளருக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, கனடாவில் பெற்ற அனுபவம் கட்டாயம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. இது பெரிய கதவு. ஆயினும் பட்டத்தை மதிப்பிடச் செய்வதற்கும், ஊரிலிருந்து ஆவணங்களை வரவழைப்பதற்கும், தேர்வு எழுதுவதற்கும் மாதங்கள் வேண்டும். தாதியாக இருந்தவருக்கும் கணக்காளராக இருந்தவருக்கும் இதே நிலைதான். வாடகை நாள் தலைக்கு மேல் நிற்கும்போது, கிடைக்கும் முதல் தொழிற்சாலை வேலையில் ஏறுகிறவர், இரண்டாவது வேலையையும் சேர்த்துக்கொண்டு, படிக்கக் கொண்டுவந்த புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார். அப்படி நின்றுபோன எத்தனை ஆசிரியர்களையும் பொறியியலாளர்களையும் நம் சமூகம் பார்த்திருக்கிறது! தங்கை வீட்டின் பேஸ்மென்ட் அறையில் தங்குபவருக்கு, அரை நாள் வேலை செய்து அரை நாள் படிக்கும் தெரிவாவது கிடைக்கிறது.

நானும் அக்கா வீட்டின் பேஸ்மென்ட்டில் இருந்து தொடங்கியவன். ஒரு பண்டசாலையில் இரவு வேலை கிடைத்தது. முதல் சம்பளச் சிட்டையைக் கொண்டுவந்தபோது, எவ்வளவு வந்தது என்று அக்கா கேட்கவில்லை. அதை மேசையில் விரித்து, பேனாவோடு ஒவ்வொரு வரியாக வாசித்தார். கனடா ஓய்வூதியத்துக்கு இது பிடித்திருக்கிறார்கள், வேலைக் காப்புறுதிக்கு இது, வரிக்கு இது என்று சொல்லிக்கொண்டே போனவர், வேலை மணித்தியாலங்கள் எழுதிய வரியில் நின்றுவிட்டார். ஒன்ராறியோவில் பெரும்பாலான வேலைகளில் வாரத்துக்கு 44 மணித்தியாலங்களைத் தாண்டினால், மேலதிகமான ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். எனக்கோ எல்லா மணிக்கும் ஒரே கணக்கில் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது, எப்படிப் பணிவாகவும் விடாமலும் கேட்பது என்று அக்காவும் அத்தானும் சொல்லித்தர, நான் போய்க் கேட்டேன்; அடுத்த சிட்டையில் அந்தத் தொகை வந்தது. புதியவரின் அறியாமையை நம்பிச் சம்பளம் குறைப்பவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். சிட்டையே இல்லாமல் கையில் காசு தருகிறேன் என்று ஆசை காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து என்னைக் காத்தது அந்தச் சமையலறை மேசைதான்.

கடன் வரலாறு பற்றிய குற்றச்சாட்டுக்கு நீண்ட விடை தேவையில்லை. அதை உருவாக்குவது கடனட்டையும் தொலைபேசி ஒப்பந்தமும் தவறாத கொடுப்பனவும். வைப்புப் பணம் கட்டிப் பெறும் கடனட்டையை, யார் வீட்டில் தங்கியிருந்தாலும் தன் பெயரிலேயே எடுக்கலாம். உண்மையில், வாடகைச் சுமை குறைந்தவரால்தான் அந்தக் கொடுப்பனவுகளை நாள் தவறாமல் செலுத்த முடிகிறது.

மொழிக்கு வருகிறேன். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் மத்திய அரசு லிங்க் என்ற பெயரில் இலவச மொழி வகுப்புகளை நடத்துகிறது. வகுப்பு இலவசம், ஆனால் வகுப்பில் உட்காரும் காலைப்பொழுது இலவசமன்று. அதை யாரோ ஒருவர் தாங்க வேண்டும். தனியறை வாடகைக்காக இரண்டு வேலை செய்பவர் எந்த நேரத்தில் வகுப்புக்குப் போவார்? அவர் போகும் தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்பவரும் தமிழராகவே இருந்தால், தனியே வாழ்வதால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடுமா? இங்கே பிறந்த மருமக்கள் உள்ள வீட்டிலோ, மாமாவின் உச்சரிப்பைச் சிரித்துக்கொண்டே திருத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்நியர் முன் வாய் திறக்கக் கூசுபவருக்கு அது எவ்வளவு பெரிய பயிற்சி!

மூன்றாவது குற்றச்சாட்டே பாரமானது; அதை நான் இலேசாகக் கடந்துபோக மாட்டேன். உடன்பிறந்தார் வீட்டில் தங்கி, மனக்கசப்போடு பிரிந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கசப்பு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். தம்பி வந்ததால் அண்ணனுக்கு மகிழ்ச்சி. கூடுதலாக ஒருவருக்குச் சமைப்பதும் துவைப்பதும் அண்ணியின் தலையில் விழுகிறது. அவரும் வேலைக்குப் போய் வருபவர். அவரை யாரும் கேட்பதில்லை. எவ்வளவு காலம் தங்குவது, மின்கட்டணத்தில் எவ்வளவு பங்கு, சமையல் யார் முறை என்பதை வாய்விட்டுப் பேசுவது நம் வீடுகளில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. பேசாமல் விட்ட அந்தப் பேச்சே கசப்பாகிறது. வந்த வாரத்திலேயே மூவரும் உட்கார்ந்து பேசிய வீடுகளில், தம்பி பனி தள்ளுகிறார், குப்பைத் தொட்டிகளை உரிய நாளில் வெளியே வைக்கிறார், பள்ளி முடிந்த பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். அவர் விருந்தாளியே இல்லாதபோது, அந்தப் பழமொழி அவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

எண்பதுகளில் வந்த நம் மூத்தவர்களுக்கு இங்கே அண்ணன் வீடு இருக்கவில்லை. ரொறன்ரோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் தொடர்மாடிகளில், ஓர் அறைக்குள் பலர் நெருக்கியடித்துப் படுத்து எழுந்தார்கள். துணை இல்லாமலேயே வென்றவர்கள் என்று எதிரணித் தலைவர் அவர்களையே உதாரணம் காட்டினார். அவர்களை நான் தலைவணங்குகிறேன். ஆனால் வீடு வாங்கியவுடன் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். தனியே வாழ்வதன் நன்மையை நேரில் அறிந்த அவர்களே, தம்பிக்கும் தங்கைக்கும் பேஸ்மென்ட்டில் அறை ஒதுக்கினார்கள்.

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவரிடம் ஒரு கேள்வி. ஒன்ராறியோவில் பழகுநருக்கான முதற்கட்ட ஜி1 சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தனியே வாகனம் ஓட்ட முடியாது. முழு உரிமமும் குறைந்தது நான்கு ஆண்டு ஓட்டிய அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியர் மணிக்கணக்கில் பணம் வாங்குகிறார். வாங்கிய நேரம் முடிந்ததும் இறங்கிப் போய்விடுகிறார். பேருந்து எட்டாத பண்டசாலைகளில் வேலை காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தன் காரின் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்த இருக்கையில் பொறுமையாக உட்காரப் போவது யார் என்று அவர் இந்த மன்றத்துக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.