பச்சைப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாதபோது

(உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, மேலூர் பக்கத்துக் கிராமத்து அங்கன்வாடியில் குழந்தை மருத்துவர் ஒருவர் பேசியது)

அக்கா தங்கச்சிகளே, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாமார்களே, அம்மாச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் பக்கத்தில் பாலுக்குக் குறைவில்லை. தொழுவத்தில் ஒரு மாடாவது நிற்கும். இல்லாவிட்டால் விடியும் முன்னே பாக்கெட் பால் வந்துவிடும். அம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாலோ, 'தாய்ப்பால் பத்தலை போல' என்று யாராவது சொல்லிவிட்டாலோ, சங்கை எடுத்துவிடுகிறோம். ஒரு வயது வரை மாட்டுப்பால் தாய்ப்பாலுக்கு மாற்றாகவே கூடாது. அது தனிப் பேச்சு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது, பாலில் உள்ள புரதமே ஒத்துக்கொள்ளாத சில பிள்ளைகளைப் பற்றி. அந்தப் பிள்ளைகளுக்கு டின் பாலும் ஆகாது, ஏனென்றால் அதுவும் பெரும்பாலும் மாட்டுப்பாலில் செய்ததுதான்.

இந்த ஒவ்வாமை இரண்டு விதமாக வரும். ஒன்று உடனே வருவது. குடித்த சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள், உதடு தடிக்கும், இமை வீங்கும், உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடிப்புத் தடிப்பாக எழும்பும், வாந்தி வரும். இதை எந்த வீட்டிலும் தவறவிடுவதில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தாலோ, வெளிறித் துவண்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மந்திரித்துப் பார்க்க அப்போது நேரம் கிடையாது.

என் கவலையெல்லாம் இரண்டாவது விதத்தைப் பற்றித்தான். அது மெதுவாக வரும். திங்கட்கிழமை கொடுத்த பாலுக்குப் புதன், வியாழனில் உடம்பு காட்டும். அதற்குள் யார் அந்தப் பாலை நினைத்துப் பார்க்கிறார்கள்? 'மாந்தம்' என்போம், 'உரம் விழுந்திருச்சு' என்போம். சேலையில் போட்டு உருட்டுவதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் நடக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

துணி மாற்றும்போது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெளிக்கியில் மூக்குச்சளி மாதிரி வழவழவென்று இருக்கிறதா? அதில் சிவப்பு நூலாக ரத்தக்கோடு ஓடுகிறதா? கன்னத்திலும் கை காலிலும் கரப்பான் வந்து, மருந்து போட்டும் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறதா? பால் கொடுக்கும்போது முதுகை வளைத்துக்கொண்டு வீறிடுகிறதா? எடை அட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டதா? இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, விடாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நன்றாக எடை கூடும் பிள்ளை கொஞ்சம் கக்கினால் அது சாதாரணம். ஆறு வாரத்துப் பிள்ளை சாயங்காலமானால் அழுது தீர்ப்பதும் சாதாரணம். பச்சையாக வெளிக்கிப் போவதும் அப்படித்தான். ஆனால், விட்டு விட்டு வீறிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, ரத்தமும் போனால் அது குடல் சொருகலாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ன கொடுத்தோம், அப்புறம் என்ன வந்தது. மெதுவாக வரும் விதத்துக்கு உறுதியான ரத்தப் பரிசோதனை இல்லை. அதனால் எங்களுக்கு அந்த நோட்டு ஸ்கேனைவிடப் பெரிய உதவி.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கும் இது வரலாம். அம்மா சாப்பிடும் பால் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் இறங்கும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருத்துவர் சொன்னால், இரண்டு முதல் நான்கு வாரம் அம்மா பால் பொருட்களை விட்டுப் பார்க்க வேண்டும். காப்பி, தயிர், மோர், பால்கோவா, ஜிகர்தண்டா, பால் சேர்த்த பிஸ்கட், எல்லாம்தான்.

அங்கே ஒரு அம்மாச்சி 'நெய்யுமா?' என்கிறார். ஆமாம் அம்மாச்சி, நெய்யிலும் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு தேய்ந்துவிடாமல் கேழ்வரகு, எள், நெத்திலி சேருங்கள், சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் விடாதீர்கள். பிள்ளை தேறியதும், மருத்துவர் சொல்படி பாலை மறுபடி சேர்க்க வேண்டும். அப்போது பழைய தொந்தரவு திரும்பி வந்தால்தான் இது ஒவ்வாமை என்று உறுதி. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பிள்ளைக்காக மாதக்கணக்கில் பத்தியம் இருக்கும் அம்மாக்கள் உண்டு. அது வீண் பாடு.

மாட்டுப்பால் சேரவில்லை என்று ஆட்டுப்பாலுக்கோ எருமைப்பாலுக்கோ மாறாதீர்கள். புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவில் கறந்து தரும் கழுதைப்பாலும் வேண்டாம், பச்சைப் பாலில் கிருமி இருக்கும். தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்குப் புரதத்தை உடைத்துச் செய்த தனி மாவுப்பால் உண்டு. விலை அதிகம், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இது சரியாகிவிடும். எப்போது திரும்பப் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வார். உதடு வீங்கிய, மூச்சு இழுத்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.