ஆயி மண்டபம் நிற்கும் பூங்கா

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர் மாளிகைக்கு எதிரே, கடற்கரையிலிருந்து சிறிது நேர நடையில் சென்றடையக்கூடிய பாரதி பூங்காவைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இன்று மரநிழலுக்காக மக்கள் நாடி வரும் இந்தப் பகுதியில்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை நின்றது. ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில், 1706-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஐங்கோணக் கோட்டைக்கு ஆயுள் அரை நூற்றாண்டைச் சற்றே தாண்டியது. 1761 ஜனவரியில் ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையிடம் நகரம் வீழ்ந்தது. கோட்டையும் அதனுள் இருந்த மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்தபோதும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையை மறுபடியும் எழுப்பவில்லை.

பூங்காவின் நடுவே வெண்ணிறத்தில் நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராக இருந்த காலத்தில், அதாவது 1852-க்கும் 1870-க்கும் இடையில் கட்டப்பட்டது. தூண்களும் வளைவுகளுமாகக் கிரேக்க, உரோமானியப் பாணியில் அமைந்த இந்தக் கட்டடம் நினைவுகூர்வது ஓர் அரசரையோ படைத்தலைவரையோ அன்று, ஆயி என்ற தாசியை.

அவருடைய கதை செவிவழியாக வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர், விளக்குகள் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பி வணங்கினாராம். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினங்கொண்டு, அதை இடித்துவிடுமாறு ஆணையிட்டார். ஆயியோ, அந்த வேலையைத் தாமே செய்ய அனுமதி கேட்டு, வீடு இருந்த இடத்திலேயே ஊராருக்காக ஒரு குளத்தை வெட்டினார் என்பது கதை. இதை வரலாற்றுச் சான்றாக நான் முன்வைக்கவில்லை. ஆனால், தாயைக் குறிக்கும் ‘ஆயி’ என்ற சொல்லால் ஊரார் அவரை அழைத்து வந்ததே ஒரு மதிப்பீடுதான் என்பது என் கருத்து.

பல தலைமுறைகளுக்குப் பின், நல்ல குடிநீருக்குத் தவித்த நகரத்திற்கு, 1860-களில் லமேரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மேற்கே உள்ள, ஆயியின் குளம் இருந்த இடமாகச் சொல்லப்படும் முத்திரையர்பாளையத்திலிருந்து நீரைக் கொண்டுவந்தார். குளம் வெட்டிய பெண்ணின் கதையைக் கேட்ட பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மனம் நெகிழ்ந்து, அவர் பெயரால் நினைவுச்சின்னம் அமைக்கப் பணித்தார் என்பர். அரசர் ஒருவரின் கோபத்தில் தொடங்கும் கதை, வேறொரு நாட்டுப் பேரரசரின் கட்டளையில் வந்து முடிவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

பூங்கா தாங்கியிருப்பது, 1908 முதல் 1918 வரை இந்நகரில் அடைக்கலம் பெற்று வாழ்ந்த மகாகவி பாரதியாரின் பெயர். புதுச்சேரி அரசு தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டிருப்பதோ, அதன் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை.